நடந்து போகக்கூடிய தூரம்

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கதை, பன்றிக் கதைதான். சரியாகச் சொன்னால் பன்றியை விட அது நின்ற தூரத்தைப் பற்றித்தான் கூடக் கதைத்தோம்.

தோட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் நாங்கள் இருந்த நகரத்தில், பொலிதேயாமாப் பக்கம், ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் எனக்கு வேலை; அம்மா என்பதற்கு அவர்கள் சொல்வது சிஞ்ஞோரா. என் வீட்டுக்காரர் கடைகளுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஏணி சறுக்கி விழுந்தார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. எலும்பு முறியவில்லை என்றார்கள். முறிந்திருந்தால் பொருந்தியிருக்கும். இது பொருந்தவும் இல்லை, விடவும் இல்லை. அல்பெர்கேரியா என்கிற பழைய குடியிருப்பில் எங்களுக்கு ஓர் அறையும் குசினியும்தான். யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் இருப்பார். நான் வேலைக்குப் போகும்போது எப்படியோ, வரும்போதும் அப்படியே.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"என்ன யோசினை?"

"ஒண்டுமில்லை."

கதைக்காமல் இருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். என்னைக் கட்டினவரோ இரண்டு சொல்லோடு ஒரு நாளை முடித்துக்கொண்டிருந்தார்.

சிஞ்ஞோராவின் குசினியில் பாத்திரம் கழுவியபடி இதைச் சொல்லி மூக்கைச் சிந்தியபோது, அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மொன்றேயாலே ஊருக்கு மேலை எங்கடை அப்பாவின்ரை காணி சும்மா கிடக்கு. உன்ரை மனிசனுக்கு மண்ணைப் பற்றித் தெரியுமோ?"

வன்னியில் பிறந்த ஆளைப் பார்த்து மண் தெரியுமோ என்று கேட்கிறார். மீனைப் பார்த்து நீந்துவாயோ என்று கேட்ட மாதிரி.

காணி ஒரு மலைச்சரிவு. படிபடியாகக் கல் மதில் கட்டி மண் நிரப்பியிருந்தார்கள். மேலே ஒரு பழைய குடிலும் தண்ணீர்த் தொட்டியும். நடுவில் வாதுமை மரங்கள். கீழே முள்ளுப் பற்றை அடைத்த பள்ளம். இவர் முதல்நாள் போய்க் குந்தி இருந்து ஒரு பிடி மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு, "இஞ்சை பாரும், இதிலை பயத்தங்காய் வரும்" என்றார். அவ்வளவு நீளமான வசனம் அவர் வாயில் வந்து மாதக் கணக்காகியிருந்தது. நான் வாதுமை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் ஆயிரம் சொல்லி எழுப்ப முடியாத ஆளை ஒரு பாத்தி கத்தரி எழுப்பிவிட்டது. காலையில் பஸ் பிடித்துப் போவார். வளைந்து வேலை செய்ய ஏலாது, ஒரு சின்னப் பலகைக் கதிரையில் இருந்து நகர்ந்து நகர்ந்து களை பிடுங்குவார். பின்னேரம் வந்ததும் வெண்டி பூத்தது, பாகல் பந்தலைப் பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். காய்த்தால் பல்லரோச் சந்தையில் எங்கடை ஆட்களின் கடைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கணக்கு. கணக்கு எனக்கு முக்கியமில்லை. மனிசன் கதைத்தார், அது போதும்.

அப்போதுதான் பன்றி வந்தது. ஒற்றைப் பன்றி, பெரியது. பள்ளத்துக்குள்ளிருந்து ஏறி வந்து கத்தரிப் பாத்தியைக் கிண்டிப் புரட்டிவிட்டுப் போனது. அடுத்த நாள் வெண்டி. பயத்தங்கொடியின் வேரைத் தோண்டிச் சப்பி எறிந்திருந்தது. தகரம் அடித்துப் பார்த்தோம், பழைய சட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். "பண்டிக்கு வெக்கமோ பயமோ ரண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு இவர் மறுபடியும் கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்க்கத் தொடங்கினார். காய் போனால் வேறு காய் வாங்கலாம். இந்த மனிசன் இன்னொருமுறை கட்டிலோடு போனால் எந்தப் பாத்தியைக் கொண்டு எழுப்புகிறது?

சிஞ்ஞோரா தன் அக்காவின் மகனை அனுப்பினார். வீடு வாசல் கிட்ட இருப்பதால் அங்கே துவக்கு வெடிக்க ஏலாது, இவன் வில்லால் அடிக்கிறவன், அதற்கு அனுமதி வைத்திருக்கிறான் என்றார். வில் என்றதும் நான் ஒரு பயில்வானை எதிர்பார்த்தேன். வந்தவர் நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. தரைக்கு ஓடு பதிக்கிற தொழில். நேரே வேலையால் வந்தபடியால் நகக் கண்ணெல்லாம் சீமெந்து. என்னைவிட இளையவர் என்பதால் "தம்பி" என்றேன். அதற்கு என்ன கருத்து என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து என்னை அவர் சிஞ்ஞோரா என்றும் நான் அவரைத் தம்பி என்றும் கூப்பிட்டுக்கொண்டோம். இருவரும் கதைத்தது இத்தாலியனில்தான். அதை என் வாய்த் தமிழில்தான் எனக்கு எழுத வரும்.

முதல்நாள் தம்பி வில்லை எடுக்கவே இல்லை. சரிவெங்கும் நடந்து பார்த்தார். தான் இருக்கப்போகிற மதில் மூலையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் நின்ற வாதுமைக் கிளையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்.

"இதுக்கு இஞ்சாலை வந்தா விடுவன். அங்காலை நிண்டா விடமாட்டன்."

இவருக்கு மொழிபெயர்த்தேன். இவர் அந்தத் துணியைப் பார்த்தார். "இவ்வளவு கிட்டவோ? நான் கல்லெறிஞ்சாலே இதைவிடத் தூரம் போகும். கேளும் அவரை, அந்த வில்லு எவ்வளவு தூரம் போகும் எண்டு."

கேட்டேன். தம்பி சிரித்தார். "தூரம் போகும். அந்த மதிலிலை ஒரு வத்தகப்பழத்தை வைச்சா இஞ்சை நிண்டு அடிப்பன். வத்தகப்பழம் அடி எடுத்து வைக்காது."

பின்னேரம் பின்னேரமாக வந்து மதில் மூலையில் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் இவர், பலகைக் கதிரையில். நான் வேலை முடிய பஸ் ஏறிப் போய்ச் சேர்வேன். உதவிக்கு என்று வந்த ஆளைப் பச்சைத் தண்ணீரோடு இருத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. காட்டுக்கு வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான். கட்லட், ரோல்ஸ், ஒருநாள் கணவாய்ப் பொரியல். ஆறிப்போனதைக் கொடுக்கக் கூடாது என்று குடிலடியில் ஒரு சின்னக் காஸ் அடுப்பு வைத்துச் சுடச்சுடப் பொரித்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். நுளம்பு கடிக்கிறதே என்று ஒரு சட்டியில் சாம்பிராணியும் போட்டுவிடுவேன். தம்பி முதலில் கையை ஆட்டி வேண்டாம் என்பார். நான் "ஒண்டு, ஒண்டே ஒண்டு" என்பேன். பிறகு வாங்குவார். பிறகு இன்னொன்று.

அவரிடம் ஒரு சின்னப் போத்தலில் வெள்ளைத் தூள் இருந்தது. அடிக்கடி காற்றில் தட்டி, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பார். நான் திருநீறு மாதிரி ஏதோ நேர்த்தி என்று நினைத்து ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்தேன். அந்தத் தூள் குடில் பக்கமிருந்து பள்ளத்துப் பக்கம் இறங்கும். தம்பி அதைப் பார்ப்பார், என் அடுப்பைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் கட்லட்டைக் கடிப்பார்.

பன்றி வராமலும் இல்லை. வரும், பள்ளத்து விளிம்பில், துணிக்கு நல்லாய் அங்காலே நிற்கும். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாங்கள் பஸ்ஸுக்குப் போனதும் ஏறி வந்து தன் வேலையைப் பார்க்கும்.

ஒருநாள் வெயில் இன்னும் சாயவில்லை. பன்றி விளிம்பில் பக்கவாட்டாய் நிற்கிறது, படத்தில் கீறின மாதிரி. முதுகு மயிர்கூட எனக்குத் தெரிந்தது. தம்பி வில்லில் அம்பைப் பூட்டினபடி இருந்தார், இழுக்கவில்லை.

இவர் என் காதுக்குள், "விடச் சொல்லும். நீர் சொல்லும், விடச் சொல்லும்."

"தம்பி, இவர் விடட்டாம்."

"தூரம்."

"தூரம் எண்டாலும் படும் எண்டு சொல்லுறார்."

"படும். எங்கை படும் எண்டு எனக்குத் தெரியாது." தம்பி கண்ணைப் பன்றியில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நாண் சத்தம் அம்புக்கு முதல் போய்ச் சேரும். அது ஒரு அடி வைச்சிடும். நெஞ்சுக்கு விட்டது வயித்திலை நிக்கும்."

சொன்னேன். இவர், "வயித்திலை பட்டாலும் சாகுந்தானே? எங்கை செத்தா எனக்கென்ன, என்ரை பாத்தியிலை இல்லாட்டிச் சரி."

இதை அப்படியே மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. "சாகாதோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

"சாகும், சிஞ்ஞோரா. நாளைக்கோ நாளையிண்டைக்கோ. அந்தப் பள்ளத்துக்குள்ளை முள்ளு, என்னாலையே இறங்கேலாது. விட்டவன் பின்னாலை நடந்துபோய்ப் பார்க்க வேணும். நான் நடந்து போக ஏலாத இடத்துக்கு அம்பை அனுப்பிறேல்லை. அவரிட்டை இதைச் சொல்லுங்கோ."

இதை மட்டும் ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன். பன்றி கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் பற்றைக்குள் போய்விட்டது. தம்பி அம்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். பன்றி போன பற்றையைப் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். விட ஆசை இல்லாத ஆள் இல்லை.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. "அம்பு வைச்சிருக்கிறவருக்குப் பண்டியிலை இரக்கம். கத்தரி வைச்சிருக்கிற எங்களிலை ஆருக்கு இரக்கம்? நல்லவராய் இருக்கலாம், நட்டம் அவருக்கில்லையே."

இவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறகும் விடவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோகிறதோ என்று கேட்டிருக்கிறேன், எய்யாமலே இருக்கிறவனை என்ன சொல்லி நோகிறது என்று தொடர்ந்தேன். அப்போது இவர் சொன்னார்:

"இஞ்சேரும், எங்கடை வயலிலை ஒருக்கா, மருந்து இடிச்சடைக்கிற இடியன் துவக்காலை ஆரோ தூர நிண்டு வெடி வைச்ச பண்டி ஒண்டு. ஆர் வைச்சதெண்டு தெரியாது. எங்கடை வாய்க்காலுக்குள்ளை வந்து கிடந்தது. பட்ட பண்டி தண்ணிக்குத்தான் வரும். நாங்கள் காணேக்கை உயிர் இருந்தது. புழுவும் இருந்தது."

"அதுக்கு?"

"அதுக்கொண்டுமில்லை. வெடி வைச்சவன் காணேல்லை. நான் கண்டனான். அவ்வளவுதான்." பஸ் மணியை அழுத்திவிட்டு, "அந்த ஆள் சொன்னது சரி" என்றார்.

பின்னேரம் விடச் சொல்லிக் காதுக்குள் கிடந்து துடித்தது இவர். இப்போது சரி என்பதும் இவர். விடச் சொல்லிக் கேட்கிற வேலை என் தலையில் வந்தது. மண் பிரண்டு கிடக்கிற ஒவ்வொரு நாளும் இவர் குரல் தணிந்துகொண்டே போனது எனக்குத்தானே தெரியும். கையால் ஆகாததை வாயால் சாதிக்கலாம் என்று நம்புகிற ஆள் நான். வாய் என்றால் கதை மட்டுமா, சாப்பாடும்தான். நல்ல ஆட்டிறைச்சி வாங்கி, பல்லரோக் கடையில் கறிவேப்பிலை கேட்டேன். கடைக்கார அக்கா கட்டைப் பிரித்துக்கொண்டே, "என்ன, உங்கடை வில்லாளருக்கோ? இன்னும் அம்பு விடேல்லையோ?" என்றார்.

"தூரமாம்."

"தூரமோ! அடி பிள்ளை, அவர் ஏன் விடுறார்? பண்டி செத்தா ரோல்ஸ் நிண்டுபோமே!"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அது உள்ளே குத்தியது. அப்படியும் இருக்குமோ? இல்லை, அந்த மனிசனின் முகம் அப்படி இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சிஞ்ஞோரா வீட்டில் விருந்து. பின்னேரம் என்னை விடவில்லை. ஆட்டிறைச்சி ரோல்ஸ் எல்லாம் செய்து சுற்றிக் கட்டி வைத்திருந்தும் கொண்டுபோக வழியில்லை. தம்பி தன் ஓடு ஏற்றுகிற வான் வண்டியில் இவரை ஏற்றிப் போனார். நான் அவர்களுக்குத் தேத்தண்ணியும் இல்லையே என்று மனம் கரைந்தபடி யாரோ குடித்த கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போகுமுன் டெலிபோன் அடித்தது.

"பண்டி முடிஞ்சுது," என்றார் இவர்.

"எவ்வளவு தூரத்திலை?"

"துணிக்கு இஞ்சாலை. நல்லா இஞ்சாலை. நேரை ஏறி வந்தது. ஒரு இடத்திலையும் நிக்கேல்லை." பிறகு ஒரு சத்தம். எனக்கு முதலில் விளங்கவில்லை. இவர் சிரிக்கிறார். "உம்மடை அடுப்பு இல்லை. சாம்பிராணி இல்லை. அதுதான் வந்தது!"

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் பன்றியை அந்த விளிம்பில் நிறுத்தி வைத்தது நான்தான். என் கணவாய்ப் பொரியலும் சாம்பிராணியும் காற்றோடு இறங்கிப் போய், இஞ்சை ஆக்கள் என்று சொல்லியிருக்கின்றன. மனிசருக்கு வாவென்று சொல்கிற மணம் பன்றிக்குப் போவென்று சொல்லியிருக்கிறது.

நடந்ததை அன்றிரவு சாப்பிடும்போது இவர் சொன்னார். பன்றி வாதுமைக்குக் கீழே வந்து பக்கம் காட்டி நின்றதாம். அப்போதும் தம்பி உடனே விடவில்லையாம். அது முன்னங்கால் ஒன்றை முன்னே வைத்து நெஞ்சைத் திறந்து காட்டும்வரை இழுத்துப் பிடித்தபடி இருந்தாராம். "துணி உதறின மாதிரி ஒரு சத்தம்தான். பண்டி ஓடி அடுத்த மதிலடியிலை விழுந்திட்டுது." அது விழுந்த பிறகும் இவர்கள் எழும்பவில்லையாம், கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கோ என்று தம்பி கையால் காட்டினாராம். பிறகு இருவரும் இறங்கிப் போயிருக்கிறார்கள். "எனக்காக மெல்ல நடந்தவர். மதிலடியிலை கை தந்தவர்." இவர் சோற்றைப் பிசைந்தபடி சொல்லிக்கொண்டே போனார். நான் இடையில் ஒரு சொல் வைக்கவில்லை. என் வாழ்நாளில் அது பெரிய காரியம்.

அடுத்த முறை தம்பியைக் கண்டபோது பிடித்துக்கொண்டேன். "மணம்தான் காரணம் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ, தெரியாதோ?"

தலையைச் சொறிந்தார். "முதல் நாளே தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சிஞ்ஞோரா, என்ரை அம்மா உயிரோடை இருந்தா என்னைச் செருப்பாலை அடிச்சிருப்பா. வேலை முடிஞ்சு பஸ் ஏறிச் சாப்பாடு கொண்டு வந்த ஆளை, மணக்குது, கொண்டுபோங்கோ எண்டு சொல்லுறதோ?" கண்ணாடியை மேலே தள்ளினார். "அதோடை, அந்தக் கணவாய் நல்லாயிருந்தது."

பன்றிக்கு ஒரு முழம் தூரமும் விட்டுக்கொடுக்காத மனிசன் எனக்கு முகம் பார்த்திருக்கிறார். சிரிக்கிறதோ ஏசுகிறதோ என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் விட்டிருந்தால், அந்த வயிற்று அம்பில் என் பொரியலுக்கும் பங்கு இருந்திருக்கும். அதை அவருக்குச் சொன்னேன். தம்பி தலையை ஆட்டி, "இல்லை. விட்டவன் நான். பங்கு பிரிக்கேலாது" என்றார்.

மிருக வைத்தியர் பார்த்துச் சரி என்ற பிறகு தம்பி இறைச்சியைக் கொண்டுவந்து தந்தார். வந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி. இவர் இறைச்சிப் பொதியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் குளிர்ப்பெட்டிக் கதவில் கதிரையை வைத்தேன். சனிக்கிழமை வறுத்த தூள் போட்டுப் பிரட்டிக் கடைக்கார அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். "வில்லாளர் விட்டிட்டாரோ? சரி, இனி ஆருக்கு ரோல்ஸ்?" என்றார். வாய் மட்டும் நிற்காது.

ஒரு பன்றி போனால் இன்னொன்று வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இவர் பிரண்ட பாத்திகளைச் சமன் செய்து மறுபடி பயத்தங்காய் விதையைப் போட்டார். தம்பியும் மறுபடி வரத் தொடங்கினார். இந்தமுறை இவர் எனக்குக் கட்டளை போட்டார்: "நீர் வீட்டிலை நில்லும்."

"தனியப் போய் என்ன செய்யப்போறியள்? உங்களுக்கு இத்தாலியன் வராது, அவருக்குத் தமிழ் வராது."

"இருப்பம்."

அந்த ஆவணி முழுக்க அப்படித்தான். தம்பிக்கு வேலை முடிய, வானில் ஏறிப் போய், மதில் மூலையில் இருவரும் இருந்துவிட்டு, இருட்ட முன் வருவார்கள். ஒரு பன்றியும் வரவில்லை. ஓர் அம்பும் போகவில்லை. பயத்தங்கொடி பந்தலில் ஏறிப் பூத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்ததும் நான் கேட்பேன்:

"என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டும் கதைக்கேல்லை," என்பார் இவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, நல்ல சந்தோஷமாக. பிறகு குசினிக்கு வந்து, நான் வெங்காயம் வெட்டி முடியும்வரை, அந்த ஒன்றும் கதைக்காத பின்னேரத்தை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்.